தலசீமியா கேரியர் பரிசோதனை: கல்யாணத்துக்கும் கர்ப்பத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியவை

என் அக்கா மகனுக்குப் பீட்டா தலசீமியா மேஜர் (மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்த நோய்) என்று உறுதியான பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவராக ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினோம். யாருக்கு முதலில் எடுப்பது, எந்தப் பரிசோதனையின் பெயரைச் சொல்லிக் கேட்பது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு லேபில் வேறு பரிசோதனையைச் செய்து காசு வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் "ரத்தம் கம்மியா இருக்கு, சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகள், குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள், இப்போதுதான் கரு தரித்திருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் இது பயன்படும். இதை வைத்து நீங்களே நோயை முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

1. முதலில் மரபுக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான மரபணுக்களில் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. நம் பிள்ளைக்கு அந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். எது போகும் என்பது நம் கையில் இல்லை. இரண்டுக்கும் சம வாய்ப்பு.

ஒரே ஒரு பிரதி மாறியிருந்தாலே வெளியில் தெரிந்துவிடுவது ஓங்கு பண்பு. கை கால் எலும்புகள் குட்டையாக வளரும் அகோண்ட்ரோபிளேசியா இப்படிப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் அந்த நிலையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்கள்தான். விந்தணுவிலோ முட்டையிலோ புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. "உங்க வம்சத்துல யாருக்கு இருந்துச்சு?" என்று தாயைக் குடைவதில் அர்த்தமே இல்லை.

இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. ஒன்று மாறி இன்னொன்று சரியாக இருந்தால் அவர் கேரியர். அவருக்கு நோய் இல்லை, வேலை வெட்டி எல்லாம் வழக்கம்போல நடக்கும். ஆனால் மாறிய பிரதி அவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகலாம். பீட்டா தலசீமியா இந்த வகை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஏற்படும் கோளாறுதான் இது. இந்தியாவில் பொதுவாக நூற்றுக்கு 3, 4 பேர் இதன் கேரியர்கள்.

கணக்கு இவ்வளவுதான்:

கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் கேரியர் என்றால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் வராது. பாதிக்குப் பாதி கேரியராகப் பிறக்கலாம், அவ்வளவே.

இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் நோயுள்ள குழந்தை, 50 சதவீதம் கேரியர், 25 சதவீதம் எதுவுமில்லாத குழந்தை.

"ஒவ்வொரு கர்ப்பத்திலும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். "நாலுல ஒண்ணுதானே, முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். அது தவறு. பூவா தலையா போடுகிற காசுக்குப் போனமுறை என்ன விழுந்தது என்று தெரியாது. அடுத்த கர்ப்பத்திலும் அதே 25 சதவீதம்தான்.

இன்னும் இரண்டு தவறான நம்பிக்கைகள். "எங்க ரெண்டு பேருக்கும் ரத்த வகை வேற, அதனால பயமில்லை" என்பது ஒன்று. ஏ, பி, ஓ வகைக்கும் தலசீமியாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே ரத்த வகைக்காரர்கள் கல்யாணம் செய்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்பதும் உண்மையில்லை. மற்றொன்று, "நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கோம்" என்பது. கேரியர் என்றாலே நன்றாக இருப்பவர்தான். உருவத்தை வைத்தோ உடல்பலத்தை வைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

2. ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள்

மரபியல் ஆலோசகரிடம் போனால் அவர் முதலில் செய்வது இதைத்தான். வீட்டிலேயே வரைந்துகொண்டு போனால் நேரம் மிச்சம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தம்பதிக்கு இடையே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் இரட்டைக் கோடு. நோயுள்ளவரை முழுதாக நிரப்புங்கள், கேரியரைப் பாதி நிரப்புங்கள். தாத்தா பாட்டி தலைமுறை வரை போனால் போதும்.

சிறுவயதில் இறந்த குழந்தைகள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், காரணம் தெரியாமல் மண்ணீரல் வீங்கியிருந்தவர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை தீராதவர்கள் ஆகியோரையெல்லாம் குறியுங்கள். பாட்டிமார்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

குடும்பத்தில் ஒரு குழந்தைக்குத் தலசீமியா மேஜர் இருக்கிறது என்றால், அதன் அப்பா அம்மா இருவரும் கேரியர்கள் என்பது ஏறக்குறைய உறுதி. அவர்களுடன் பிறந்த ஒவ்வொருவரும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. நோயில்லாமல் இருக்கும் அந்தக் குழந்தையின் அண்ணன், தங்கைகளுக்கு மூன்றில் இரண்டு. முதலில் பரிசோதிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இங்கே நம் ஊர் வழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் மணமுடித்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டும்போது "வேற கூட்டம், வேற கோத்திரம், அதனால ரத்தம் கலக்காது" என்று சொல்வது நம்மிடம் உண்டு. கூட்டமும் கோத்திரமும் அப்பா வழியை மட்டுமே கணக்கில் எடுப்பவை. மரபணுவோ அம்மா வழியிலும் அதே அளவுக்கு வருகிறது. சித்தப்பா மகளைக் கட்டினால் என்ன நெருக்கமோ, அத்தை மகளைக் கட்டினாலும் மரபுக் கணக்கில் அதே நெருக்கம்தான்.

மாப்பிள்ளை கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் அவருடைய அக்கா மகள் என்றால், அவளும் கேரியராக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள் அல்லது அத்தை மகள் என்றால் எட்டில் ஒன்று. சொந்தமே இல்லாத பெண் என்றால் முப்பதில் ஒன்றை ஒட்டி. அசலில் கட்டினாலும் ஆபத்து சுழி ஆகிவிடுவதில்லை, குறைகிறது. ஆகவே சொந்தமோ அசலோ, பரிசோதனை இரு தரப்புக்கும் வேண்டும்.

3. சிபிசி எடுங்கள், மூன்று எண்களைப் பாருங்கள்

இதுதான் முதல் படி. செலவும் குறைவு. முழு ரத்த எண்ணிக்கை என்கிற சிபிசி, அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியார் லேபில் பெரும்பாலும் 200 முதல் 500 ரூபாய்க்குள் முடியும். வெறும் வயிறு தேவையில்லை. ரிப்போர்ட் அன்றே கிடைத்துவிடும். பழைய சிபிசி ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதையே எடுத்துப் பாருங்கள். வேலையில் சேரும்போது எடுத்தது, டெங்கு காய்ச்சலுக்கு எடுத்தது என்று ஏதாவது ஒன்று கோப்பில் கிடக்கும்.

எல்லோரும் முதலில் ஹீமோகுளோபினைப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே வரும் வரிகள்தான் நமக்கு முக்கியம். எங்கள் வீட்டு ரிப்போர்ட் ஒன்று இப்படி இருந்தது:

ஹீமோகுளோபின் 10.9
ஆர்பிசி எண்ணிக்கை 5.6 மில்லியன்
எம்சிவி 64
எம்சிஹெச் 19.5

எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழே போனால் அணுக்கள் சிறியவை. எம்சிஹெச் என்பது ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இருக்கும் ஹீமோகுளோபின். 27க்குக் கீழே போனால் குறைவு. இந்த இரண்டும் இரும்புச்சத்துக் குறைவிலும் இறங்கும், தலசீமியா கேரியருக்கும் இறங்கும். வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது ஆர்பிசி எண்ணிக்கை. இரும்புச்சத்து இல்லாதவருக்கு அணுக்கள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். கேரியருக்கு அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கை 5க்கு மேல், சிலருக்கு 6க்கு மேல்கூட இருக்கும்.

எம்சிவியை ஆர்பிசியால் வகுத்துப் பாருங்கள். மேலே உள்ள ரிப்போர்ட்டில் 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4. இது 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியர் என்ற சந்தேகம் வலுக்கிறது. 13க்கு மேலே போனால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இது சந்தேகத்தைத் தூண்டும் கணக்கு மட்டும்தான், முடிவு இல்லை. ரிப்போர்ட்டின் அடியில் "மைக்ரோசைட்டிக் ஹைப்போக்ரோமிக்" (சிறிய, வெளிறிய அணுக்கள்) என்று எழுதியிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. எம்சிவி குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கம். இரும்புச்சத்தே குறையாத கேரியர் அதை மாதக்கணக்கில் விழுங்கினாலும் அணுவின் அளவு மாறப்போவதில்லை. "ஃபெரிட்டின் பார்த்துட்டுக் கொடுக்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் அந்தப் பரிசோதனை 500 முதல் 1,000 ரூபாய் வரை ஆகலாம். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கேரியராக இருந்துகொண்டே இரும்புச்சத்தும் குறைந்திருப்பவர்கள் உண்டு.

4. ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சி: பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்

கேரியரா இல்லையா என்பதைச் சொல்லும் பரிசோதனை இது. ஹீமோகுளோபினில் உள்ள வகைகளைப் பிரித்து, எது எத்தனை சதவீதம் என்று காட்டும். ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற பெயரிலும் இதே வேலையைச் செய்யும் பரிசோதனை உண்டு. தனியார் லேபில் ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும், இடத்தைப் பொறுத்து கூடலாம். சின்ன லேபுகள் ரத்தத்தை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்புவதால் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தவியல் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ கேட்டால், அங்கே செய்கிறார்களா, எங்கே அனுப்புகிறார்கள் என்று சொல்வார்கள். பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 2023இல் தொடங்கிய தேசிய சிக்கிள்செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை ரத்த நோய்) ஒழிப்புத் திட்டத்தின்கீழ் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசமாகச் சிக்கிள்செல் பரிசோதனை செய்கிறார்கள். நீலகிரிக்காரர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

கவுண்டரில் என்ன சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். சர்க்கரை நோய்க்கான ஹெச்பி ஏ1சி என்பது வேறு. நாம் கேட்பது ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஹெச்பி ஏ2. இரண்டையும் ஒரே மாதிரியான கருவியில் செய்யும் லேபுகள் உண்டு, பெயரும் காதில் ஒன்றுபோல விழும். எங்களுக்கு ஏ1சி எடுத்துக் கொடுத்தது இப்படித்தான். டாக்டர் சீட்டில் "தலசீமியா ஸ்கிரீனிங்குக்காக ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சி" என்று முழுதாக எழுதி வாங்குங்கள். பில் போட்டதும் அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். இதற்கும் வெறும் வயிறு தேவையில்லை.

ரிப்போர்ட்டில் ஹெச்பி ஏ2 எத்தனை என்று பாருங்கள். 3.5க்குக் கீழே இருந்தால் பொதுவாக இயல்பு. 4க்கு மேலே, எம்சிவியும் குறைவு என்றால் பீட்டா தலசீமியா கேரியர். இடையில் 3.5, 3.7 என்று வந்தால் எல்லைக்கோடு, மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஏ2 இருக்கும் இடத்தில் பத்துக்கு மேல் காட்டினால் அது ஹெச்பி ஈ போன்ற வேறு வகையாக இருக்கலாம், அதற்கும் ஆலோசனை வேண்டும்.

ரிப்போர்ட்டைக் குழப்பிவிடக்கூடிய காரணங்கள் சில உண்டு. அவற்றை ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்:

கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால், பரிசோதனை அடுத்தவர் ரத்தத்தையும் சேர்த்துக் காட்டும். தள்ளிப்போடுங்கள், அல்லது அதற்குப் பதிலாகப் பெற்றோரைப் பரிசோதியுங்கள்.

கடுமையான இரும்புச்சத்துக் குறைவு ஏ2வைக் கீழே இழுத்து, கேரியரை இயல்பானவராகக் காட்டலாம். குறையைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஆனால் மனைவி ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் அந்த மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். உடனே கணவருக்கு எடுங்கள். அவர் கேரியர் இல்லை என்றால் கவலை அங்கேயே தீர்ந்தது.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்த எண்கள் நிலைபெற்றிருக்காது. குழந்தைக்குச் சந்தேகம் என்றால் பெற்றோர் இருவரின் ரிப்போர்ட்டும் கூடவே இருக்கட்டும்.

ஏ2 இயல்பு, இரும்புச்சத்தும் இயல்பு, ஆனால் எம்சிவி மட்டும் குறைவு என்று வந்தால் ஆல்ஃபா தலசீமியா (ஹீமோகுளோபினின் இன்னொரு பகுதியைச் செய்யும் மரபணுக்களில் வரும் கோளாறு) கேரியராக இருக்கலாம். அதை ஹெச்பிஎல்சி காட்டாது, டிஎன்ஏ பரிசோதனைதான் காட்டும்.

இந்தப் பரிசோதனை ஆயுளுக்கு ஒருமுறை போதும். தெளிவான முடிவு வந்துவிட்டால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து போனில் வையுங்கள், அசலை ஆதார், கல்விச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே போடுங்கள்.

5. துணைக்குப் பரிசோதனை: எப்போது, எப்படிப் பேசுவது

ஒருவருக்கு இல்லை என்று தெளிவாகிவிட்டால், பீட்டா தலசீமியா மேஜரைப் பொறுத்தவரை மற்றவருக்கு அவசரமில்லை. ஒருவர் கேரியர் என்றால் மற்றவருக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். அவருக்கும் ஹெச்பிஎல்சிதான் எடுக்க வேண்டும், வெறும் சிபிசியோடு நிறுத்தாதீர்கள். காரணம், சிக்கிள்செல் கேரியருக்கு எம்சிவி இயல்பாகவே இருக்கும். ஒருவர் பீட்டா தலசீமியா கேரியர், மற்றவர் சிக்கிள்செல் கேரியர் அல்லது ஹெச்பி ஈ கேரியர் என்றால், "ரெண்டும் வேற வேறதானே" என்று விட்டுவிடக்கூடாது. இரண்டும் ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள். இரண்டும் சேர்ந்தால் குழந்தைக்கு நோய் வரும், அதற்கும் அதே 25 சதவீதம்தான்.

பேச்சை எப்போது எடுப்பது என்பதுதான் வீடுகளில் பெரிய தயக்கம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு கேட்டால் இரு வீட்டுக்கும் மனக்கசப்பு. எங்கள் குடும்பத்தில் இப்போது, மாப்பிள்ளை பெண் இருவருக்கும் பேசிப் பிடித்துப்போன உடனேயே, நாங்கள் எங்கள் பக்க ரிப்போர்ட்டை முதலில் நீட்டிவிடுகிறோம். "மாமா, எங்க அக்கா பையனுக்கு இப்படி ஒரு பிரச்சனை இருக்குங்க. அதனால எங்க வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துட்டோம், இது எங்க பையனோடது. பாப்பாவுக்கும் ஒருதடவை எடுத்துட்டா ரெண்டு வீட்டுக்கும் நிம்மதி" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பெண்ணுக்கு மட்டும் எடுக்கச் சொல்வது நியாயமே இல்லை. இரண்டு பேரில் யாருக்கு முதலில் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மாப்பிள்ளை மட்டுமோ பெண் மட்டுமோ கேரியர் என்று தெரிந்து சம்பந்தத்தை முறிக்கிறார்கள் என்றால், அவர்கள் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். கேரியர் தாராளமாகக் கல்யாணம் செய்யலாம். இருவருமே கேரியர் என்றாலும்கூட, அவர்கள் விரும்பினால் வாழ்க்கையில் சேரலாம். அவர்கள் அடுத்த இரண்டு படிகளைக் கல்யாணத்துக்குப் பிறகு தவறாமல் செய்தாக வேண்டும்.

6. இருவருமே கேரியர் என்றால்: கருத்தரிக்கும் முன்பே டிஎன்ஏ பரிசோதனை

ஹெச்பிஎல்சி, கேரியர் என்று மட்டும்தான் சொல்லும். மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதை டிஎன்ஏ பரிசோதனைதான் சொல்லும். பின்னால் கருவைப் பரிசோதிக்க இது இருந்தே ஆக வேண்டும். இந்தியாவில் பீட்டா தலசீமியா கேரியர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து மாற்றங்களில் ஒன்றுதான் இருக்கும். முதலில் அவற்றைத் தேடுவார்கள். கிடைக்கவில்லை என்றால் மரபணு முழுவதையும் படிப்பார்கள், அப்போது செலவும் நாளும் கூடும். ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம்.

மருத்துவ மரபியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவதே நல்லது. வேலூர் சிஎம்சி 1986இலிருந்து தலசீமியாவுக்கு எலும்புமஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவரும் இடம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். எடுத்துப்போக வேண்டியவை: இருவரின் சிபிசி, ஹெச்பிஎல்சி அசல்கள், ஃபெரிட்டின் ரிப்போர்ட், நீங்கள் வரைந்த குடும்ப மரம், இருவரின் ஆதார். நோயுள்ள குழந்தை ஏற்கெனவே இருந்தால் அதன் ரிப்போர்ட்டுகளும் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே நாளில் போங்கள். ஒருவர் மட்டும் போனால் இன்னொருமுறை பயணம் வைக்க வேண்டியிருக்கும்.

சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, கருப்பையில் வைப்பதற்கு முன்பே பரிசோதிக்கும் வழியும் உண்டு. பல லட்சம் ஆகும், முதல் முறையே கரு தங்கும் என்ற உறுதியும் இல்லை. வசதி இருப்பவர்கள் ஆலோசகரிடம் கேட்டுப்பாருங்கள்.

7. கரு தரித்த பிறகு: வாரக் கணக்கு

இங்கே நேரம்தான் எல்லாம். வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

6 முதல் 8 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துக் கர்ப்பத்தை உறுதி செய்யுங்கள். அன்றே டாக்டரிடம் "நாங்க ரெண்டு பேரும் கேரியர்" என்று சொல்லுங்கள். அதுவரை பரிசோதனையே செய்யாத தம்பதி என்றால் ஒருவருக்குப் பின் ஒருவராகப் போகாமல் இருவரும் ஒரே நாளில் ஹெச்பிஎல்சி கொடுங்கள்.

11 முதல் 13 வாரத்துக்குள் சிவிஎஸ். நஞ்சுக்கொடியிலிருந்து மிகச் சிறிய துணுக்கை எடுத்துக் கருவின் டிஎன்ஏவைப் பார்ப்பது. தாயைப் படுக்கவைத்து, வயிற்றில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியை நஞ்சுக்கொடி வரை செலுத்துவார்கள். குழந்தை இருக்கும் பையை ஊசி தொடாது. அழுத்துவதுபோல வலிக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் படுக்கவைத்து, மறுபடி ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு அன்றே அனுப்புவார்கள். இரண்டு நாள் கனமான வேலை வேண்டாம். கருச்சிதைவு ஆபத்து உண்டு, நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். முடிவு வர ஒன்றிரண்டு வாரம். எடுத்த துணுக்கில் தாயின் அணுக்கள் கலந்துவிடவில்லை என்று சரிபார்க்கத் தாயின் ரத்தமும் கேட்பார்கள். அது வழக்கம்தான்.

தாய் ரத்தவகை நெகட்டிவ் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிவிஎஸ்ஸுக்குப் பிறகு ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும்.

13 வாரம் தாண்டிவிட்டால் 15ஆம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கலாம். ஆனால் முடிவு வரும்போது நான்கு, ஐந்து மாதம் ஆகிவிடும். மனதுக்கும் உடம்புக்கும் அது கடினம். அதனால்தான் டிஎன்ஏ பரிசோதனையை முன்பே முடித்துவைக்கச் சொல்கிறேன்.

காகிதங்கள்: டாக்டரின் பரிந்துரைக் கடிதம், இருவரின் டிஎன்ஏ ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், அடையாள அட்டை. 1994ஆம் ஆண்டின் கருப்பரிசோதனைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற மையத்தில்தான் இதைச் செய்ய முடியும். தாய் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தர வேண்டும், அதற்குப் படிவம் ஜி. கையெழுத்துப் போடும் முன் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சொல்வதும் கேட்பதும் குற்றம். செலவு ஊசி, ஸ்கேன், டிஎன்ஏ எல்லாம் சேர்த்துத் தனியாரில் இருபதாயிரத்தைத் தாண்டக்கூடும். பில் போடும் முன் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கருவுக்குத் தலசீமியா மேஜர் என்று வந்தால் என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியின் முடிவு, எல்லோருக்கும் மேலாக அந்தத் தாயின் முடிவு. கர்ப்பத்தைத் தொடர்பவர்களும் உண்டு. கலைப்பது என்று முடிவெடுத்தால், 2021 சட்டத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. "மாமியார் கையெழுத்து வேணும், புருஷன் கையெழுத்து வேணும்" என்று கேட்டால் அது அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம், சட்டம் கிடையாது.

8. வீட்டில் ஏற்கெனவே தலசீமியா குழந்தை இருந்தால்

மாதம் ஒன்றோ இரண்டோ முறை ரத்தம் ஏற்றுவது, உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மாத்திரை என்று சிகிச்சை போகும். அதைக் குழந்தையின் டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கையில் எடுக்க வேண்டியது காகித வேலை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். குழந்தையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, ஹெச்பிஎல்சி ரிப்போர்ட், ரத்தம் ஏற்றிய விவரங்கள் உள்ள புத்தகம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மருத்துவக் குழுவின் முன் போக வேண்டியிருக்கும். முதன்முதலில் ரத்தம் ஏற்றும் முன் எடுத்த ஹெச்பிஎல்சியைத் தொலைத்துவிடாதீர்கள். ஏற்றிய பிறகு எடுப்பதில் குழந்தையின் சொந்த நிலை தெளிவாகத் தெரியாது. அரசு ரத்த வங்கிகளில் தலசீமியா நோயாளிகளுக்கு ரத்தம் இலவசம். கட்டணம் கேட்டால் நோயின் பெயர் உள்ள ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசுங்கள்.

எலும்புமஜ்ஜை மாற்றுக்கு உடன்பிறந்தவர் பொருந்துகிறாரா என்று பார்க்க ஹெச்எல்ஏ பரிசோதனை செய்வார்கள். ஒவ்வொரு உடன்பிறப்பும் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. தலசீமியா கணக்கில் வரும் 25இலிருந்து இது தனி. உடன்பிறந்தவர் கேரியராக இருந்தாலும் தானம் தரலாம், கேரியர் என்பதற்காக அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பொருந்தும் தானமளிப்பவர் இருக்கும் குடும்பங்களுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வருமானச் சான்று கேட்பார்கள். அதைத் தாலுகா அலுவலகத்தில் வாங்க நாளாகும் என்பதால், ஹெச்எல்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வாரத்திலேயே அதற்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.